மீதி இருபத்து நாலாயிரம்

எண்பத்தெட்டு நாளும் ஒரு மணி நேரமும் நான் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் இருந்தேன். அந்த விஷயம் நடந்து முடிய முப்பத்தைந்து நிமிடம்தான் ஆகியிருந்தது.

மழைப் பதிவுத் துறையின் தலைமை அலுவலகம் வறண்ட ஓர் ஆற்றின் கரையில் இருந்தது. ஆற்றின் மேல்பக்கம், மலை உச்சியில், துறைக்கு ஒரு நிலையம். அங்கே ஒருவர் மழையை அளப்பார். அளந்த எண்ணைத் தபாலில் அனுப்புவார். மூன்றாம் நாள் அது வந்து சேரும், பதிவேட்டில் ஏறும். பதிவேட்டில் ஏறும்வரை மழை பெய்ததாகத் துறை ஒப்புக்கொள்ளாது. ஒருமுறை அலுவலகக் கூரையே ஒழுகியபோது கண்காணிப்பாளர், "வாளியை வைங்க. மழைன்னு மட்டும் யாரும் எழுதிடாதீங்க, இன்னும் பதிவாகலை" என்றாராம்.

இந்தத் தாமதத்தைப் போக்க இரண்டு அதிவேக மோடம்கள் வாங்கப்பட்டன. மோடம் என்பது கணினியைத் தொலைபேசிக் கம்பியோடு இணைக்கும் சின்னப் பெட்டி. ஒன்று மலைக்குப் போனது. மற்றொன்று எங்கள் கணினி அறையில், யூனிக்ஸ் கணினிக்குப் பக்கத்தில், அட்டைப் பெட்டியை விட்டு வெளியே வராமல் பதினோரு மாதம் இருந்தது. அதைக் கணினியின் சீரியல் போர்ட்டில், அதாவது பின்பக்கம் கேபிள் செருகும் வாயில், பொருத்தி இயக்க ஒரு தற்காலிகப் பணியாளர் தேவை என்று விளம்பரம் வந்தது. நான் இயற்பியல் படித்தவள். விண்ணப்பித்தது நான் ஒருத்திதான். அப்படியும் நேர்முகத் தேர்வில் இரண்டாவது இடம் என்றுதான் கடிதம் வந்தது. முதல் இடத்துக்குத் தகுதியானவர் யாரும் இல்லையாம்.

அப்போது நான் அக்கா வீட்டு ஹாலில், தையல் மெஷினுக்கும் ஷூ அலமாரிக்கும் நடுவில் படுத்துக்கொண்டிருந்தேன். அக்காவின் கணவர் நல்லவர். அவருடைய நண்பர் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். "லேமினேஷன் போட ஆள் வேணுமாம்" என்று வாரத்துக்கு ஒருமுறை மாமா பொதுவாகச் சொல்வார். வீட்டில் அதைக் கேட்க என்னைத் தவிர வேறு யாரும் இருக்க மாட்டார்கள்.

முதல் நாள் பத்து மணிக்குக் கணினி அறைக்குப் போனேன். யாரும் இல்லை. யாரையாவது தேடிப் போய்ப் பேசுவதைவிட வேலையைச் செய்வது எனக்குச் சுலபம். பெட்டியைப் பிரித்தேன். உள்ளேயே கேபிளும் ஒரு கையேடும் இருந்தன.

வேலை பெரிதில்லை. போர்ட் எந்த வேகத்தில் பேச வேண்டும் என்று கணினியில் ஒரு கோப்பில் ஒரு வரி இருக்கும். எங்கள் கணினியில் அந்த வரி பழைய, மெதுவான மோடம்களுக்காக எழுதப்பட்டது. அதை மாற்றி, எப்போதும் 38400 என்று நிலையாக வைத்தேன். மோடம் தொலைபேசிக் கம்பியில் 14400 வேகத்தில்தான் அனுப்பும். ஆனால் அது எழுத்துகளை அமுக்கி அனுப்புவதால், கணினி அதற்கு இன்னும் வேகமாக ஊட்ட வேண்டும். மோடத்துக்கு மூச்சு முட்டினால் "கொஞ்சம் பொறு" என்று கணினியிடம் சொல்ல கேபிளில் தனியாக ஒரு கம்பி உண்டு. அந்தக் கம்பியை மதிக்கும்படி இரண்டு பக்கமும் சொன்னேன். கடைசியாக மோடத்தின் ஒலிபெருக்கியை அணைத்தேன். இணையும்போது அது கீச்சென்று கத்தும். புது இடத்தில் முதல் நாளே சத்தம் போட எனக்குக் கூச்சமாக இருந்தது.

பத்து முப்பத்தைந்துக்கு மலையிலிருந்து அழைப்பு வந்தது. பதினோரு மாதமாக அது மணிக்கொரு முறை அழைத்துக்கொண்டே இருந்ததாம். திரையில் அன்றைய மழை தெரிந்தது: 0.0. அதன் கீழே மலைக்காரர் தட்டிய ஒரு சொல்: அப்பாடா.

கண்காணிப்பாளரிடம் சொல்லப் போனேன். அவர் நீளமான ஒரு காகிதத்தை நீட்டினார்.

"உன்னோட ஆர்டர். படிச்சிட்டுக் கையெழுத்துப் போடும்மா. படிக்காமப் போடுறவங்களை எனக்குப் பிடிக்காது. படிச்சிட்டுக் கேள்வி கேக்கறவங்களையும் பிடிக்காது."

படித்தேன். மோடம் இயங்கத் தொடங்கும் நாளோடு இப்பணி முடிவுறும். தொண்ணூறு நாள் முழுமையாகப் பணிபுரிந்திருந்தால் மட்டும் பணியாளரின் பெயர் நிரந்தரப் பட்டியலில் சேர்க்கப்படும்.

"ஏதோ சொல்ல வந்தியே?" என்றார்.

"தண்ணி எங்க இருக்குன்னு கேக்க வந்தேன் சார்."

"மாடியில. ஆனா டம்ளர் ஸ்டோர்ல."

அன்று மதியமே அவர் அறைக்கு வந்து மோடத்தைப் பார்த்தார். பெட்டியைவிட்டு வெளியே இருந்ததில் அவருக்கு வருத்தம். தடித்த பிளாஸ்டிக் உறை ஒன்றைக் கொண்டுவந்து அதன் மேல் போட்டு, உறையின் மேல் ஒரு சீட்டும் ஒட்டினார்: திறப்பு விழா வரை தொடாதீர்கள். உறைக்குள் மோடம் மணிக்கொரு முறை மலையோடு பேசிக்கொண்டிருந்தது.

மறுநாள் வேகக் குழு அமைக்கப்பட்டது. கண்காணிப்பாளர் தலைவர். ஸ்டோர் பொறுப்பாளர் ஓர் உறுப்பினர். எதையும் பூட்டி வைப்பதால் அவரைப் பூட்டு சார் என்பார்கள். மூன்றாமவர் அலுவலக ஜீப் ஓட்டுநர். வேகம் சம்பந்தமாக அரசு கொடுத்த சான்றிதழ் அந்த அலுவலகத்தில் அவரிடம் மட்டும்தான் இருந்தது. நான் குறிப்பெடுக்க வேண்டியவள்.

முதல் கூட்டத்தில் கண்காணிப்பாளர் கையேட்டையும் அனுமதி உத்தரவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"மோடத்துக்கு அனுமதி பதினாலாயிரத்து நானூறு. நீ போர்ட்டுக்குக் கேக்கறது முப்பத்தெட்டாயிரத்து நானூறு. சரியாம்மா?"

"ஆமா சார்."

"அப்ப மீதி இருபத்து நாலாயிரம் எங்க போகுது?"

விளக்கினேன். அமுக்கி அனுப்புவதைச் சொன்னேன். மெதுவாகப் பேசுவதால் நான் சொல்வது பாதிதான் கேட்கும். கேட்ட பாதியே அவருக்குப் பிடிக்கவில்லை.

"அனுமதிக்கு மேல வேகம் வச்சா தணிக்கையில என்ன பதில் சொல்றது? ஏன் இவ்வளவு சீக்கிரம்னு கேட்டா? முப்பது வருஷ சர்வீஸ்ல என்னை யாரும் அந்தக் கேள்வி கேட்டதில்லை."

நான்காம் கூட்டத்தில் ஒரு சமரசம் வந்தது. இரண்டு எண்களையும் கூட்டிப் பாதியாக்கி, 26400 என்று ஒருமனதாகத் தீர்மானித்தார்கள்.

"அந்த எண்ணைக் கணினி ஏத்துக்காது சார். அதுல இருக்கிற வேகங்கள்ல அது இல்ல" என்றேன்.

"கேட்டுப் பாத்தியா?"

"கேக்க முடியாது சார்."

"முறையா விண்ணப்பம் போடு. மறுத்தா மறுத்ததா இருக்கட்டும். நம்ம பக்கம் கடிதம் இருக்கணும்."

விண்ணப்பம் எழுதி, கணினியின் மேல் வைத்தேன். முப்பது நாள் காத்திருந்தோம். பதில் வராததால் மறுத்ததாகவே கொள்ளலாம் என்று ஒன்பதாம் கூட்டம் முடிவு செய்தது.

இதற்கிடையில் கேபிள் பிரச்சினை. பெட்டியோடு வந்த கேபிள் ஸ்டோர் பதிவேட்டில் இல்லை. எனவே அது இல்லை. புதிதாகக் கேட்டு எழுதச் சொன்னார்கள். எழுதினேன்.

"இருபத்தஞ்சு கம்பி கேட்டிருக்கே. அதுல வேலை செய்யறது எத்தனை?" என்றார் பூட்டு சார்.

"ஒன்பது சார்."

"மீதி பதினாறு?"

"சும்மா இருக்கும்."

"சும்மா இருக்கறதுக்கு இங்க ஏற்கெனவே ஆள் இருக்காங்க. பதினாறையும் ஸ்டோர்ல திருப்பிக் கட்டிடு. ஒன்பதுக்கும் தனித்தனியா வேலை என்னன்னு எழுதிக் கொடு."

எழுதிக் கொடுத்தேன். இரண்டாம் கம்பி அனுப்பும். மூன்றாம் கம்பி வாங்கும். நான்காம் கம்பி, அனுப்பலாமா என்று கேட்கும். ஐந்தாம் கம்பி, அனுப்பு என்றோ பொறு என்றோ சொல்லும். கண்காணிப்பாளர் ஒவ்வொன்றாகப் படித்துவந்து ஏழாவதில் நின்றார்.

"இது என்ன செய்யும்?"

"அது தானா எதுவும் அனுப்பாது சார், வாங்காது. ஆனா அது இல்லேன்னா மத்தது எதுவும் வேலை செய்யாது."

அவர் நாற்காலியில் கொஞ்சம் நிமிர்ந்தார். "கண்காணிப்பாளர் மாதிரி" என்றார்.

"ஆமா சார்."

"அதை முதல் வரிசைக்குக் கொண்டுவா."

ஓட்டுநர் மட்டும் கூட்டங்களில் பேசவே மாட்டார். ஒருநாள் கூட்டம் முடிந்து எல்லோரும் போனபின் கணினி அறையில் நின்று உறையையே பார்த்தார். மணி மூன்று முப்பத்தைந்து. உறைக்குள் மோடத்தின் விளக்குகள் சிவப்புப் புள்ளிகளாக ஓடின.

"என்ன தங்கச்சி, மூடி வச்சது கண்ணைச் சிமிட்டுது?"

நான் உறையின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தேன். காது சூடானது.

"நம்ம ஜீப்ல எரிய வேண்டிய விளக்கு எரியாது. இங்க எரியக் கூடாதது எரியுது. எல்லாம் ஒரே துறைதான்." கதவு வரை போய்த் திரும்பினார். "எத்தனை நாள் ஆச்சு நீ சேர்ந்து?"

"நாப்பத்தொண்ணு."

"இன்னும் நாப்பத்தொன்பது. நான் எதையும் பாக்கல."

அடுத்த கூட்டத்தில் அவர் முதல்முறையாக வாய் திறந்தார். "சார், ஜீப் மீட்டர்ல நூத்தி இருபது வரைக்கும் போட்டிருக்கு. நான் நாப்பதுலதான் போறேன். அதுக்காக மீட்டரை அறுத்துடறோமா? அவ கேக்கற எண்ணைப் போட்டு வச்சிருங்க. போறது போற வேகத்துலதான் போகும்."

இது கண்காணிப்பாளருக்குப் புரிந்தது. எண்ணை அனுமதிப்பது, அந்த வேகத்தில் போவது ஆகாது. 38400 அங்கீகரிக்கப்பட்டது, யாரும் அவசரப்படக் கூடாது என்ற நிபந்தனையோடு. அந்த வேகத்தில் மோடம் ஓடும்போது அறைக்குள் ஆள் இருக்கலாமா என்பதற்கு மட்டும் மேலும் மூன்று கூட்டங்கள் ஆயின. கதவு திறந்திருந்தால் இருக்கலாம்.

வீட்டில் மாமா தினமும் கேட்பார். "மோடம் ஓடிடுச்சா?"

"குழு கூடிக்கிட்டு இருக்கு மாமா."

"நல்ல குழு. நீடூழி வாழட்டும்" என்பாள் அக்கா.

மலைக்காரருக்கு மட்டும் விவரம் தெரியும். நான்தான் தட்டிச் சொன்னேன். நேரில் பேசுவதைவிட அது எளிதாக இருந்தது. எண்ணுக்குக் கீழே அவர் தினமும் ஒரு வரி அனுப்புவார். "இன்னிக்கும் பூஜ்யம். நீ இன்னும் வாயைத் திறக்கலையா?" எண்பத்தெட்டு நாளும் மழை இல்லை. ஒன்றும் இல்லாததை மறைப்பதில் சிரமம் இருக்கவில்லை.

திறப்பு விழா தொண்ணூற்றோராம் நாள் என்று முடிவானது. சிறப்பு விருந்தினருக்கு அன்றுதான் ஒழிவு. எனக்கு ஒரு நாள் உபரி. நாள்காட்டியில் அந்தத் தேதியைப் பென்சிலால், யாருக்கும் தெரியாதபடி, லேசாக வட்டமிட்டேன்.

கூட்ட அறையில் நாற்பது பேர்தான் உட்காரலாம். அழைப்பு இருநூறு பேருக்கு. எனவே ஆற்றுக்குள் கூடாரம் போடச் சொன்னார் துறையின் இயக்குநர். தண்ணீர் வந்தால் என்று பூட்டு சார் கேட்டதற்கு, "பதிவேட்டைப் பாருங்கள்" என்று பதில் வந்தது.

எண்பத்தொன்பதாம் நாள் ஒத்திகை. தலைவர்கள் வரும்போது எதுவும் முதல்முறையாக நடக்கக் கூடாது என்பது துறையின் வழக்கம். இயக்குநரின் உரை, கைதட்டல், நாடா வெட்டுதல் எல்லாம் கூட்ட அறையில் நடந்து பார்க்கப்படும். தொலைபேசி எழுத்தர் சிறப்பு விருந்தினராக நடித்தார். விழாவுக்கு முன் மோடம் இயங்குவது முறையல்ல என்பதால், அது இணையும் சத்தத்தைக் கண்காணிப்பாளர் வாயால் எழுப்புவார். கையேட்டில் அந்தச் சத்தத்தை விவரித்திருந்த பக்கத்தை ஒரு வாரமாக வீட்டுக்கு எடுத்துப் போய்ப் பயிற்சி செய்திருந்தார்.

பத்து மணிக்குத் திரையைப் பார்த்தேன். எட்டு முப்பத்தைந்து: 61. ஒன்பது முப்பத்தைந்து: 128. முதலில் போர்ட் கெட்டுவிட்டது என்றுதான் நினைத்தேன். வேகம் தவறினால் எழுத்துகள் குப்பையாக வரும். இவை குப்பை இல்லை. பத்து முப்பத்தைந்துக்கு 214 என்று வந்தது. கீழே வரிகள்.

"மேல் பாலம் முங்கிடுச்சு. ஒன்றரை மணி நேரத்துல உன் ஆபீஸ் தாண்டும். போன் அடிச்சு அடிச்சுப் பாத்தேன், யாரும் எடுக்கலை. ஆத்துல யாரும் இல்லையே?"

ஜன்னல் வழியே பார்த்தேன். ஆற்றுக்குள் கூடாரம் நின்றது. பதினோரு பேர் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்கள். இருநூறு நாற்காலிகள். நடுவில் பூட்டு சார்.

நான் ஓடியது அந்த அலுவலகத்தில் அன்றுதான். ஓட்டுநர் கரையில் ஜீப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். திரையில் பார்த்ததைச் சொன்னேன். அவர் கேள்வி கேட்கவில்லை. ஆற்றுக்குள் இறங்கி, "டீ வந்திருக்கு, எல்லாரும் மேல வாங்க" என்றார். பதினோரு பேரும் நொடியில் கரையேறினார்கள்.

பூட்டு சார் வரவில்லை.

"நான் டீ குடிக்கறதில்லை."

"தண்ணி வருது சார்" என்றேன்.

"இருநூறு நாற்காலியும் என் கையெழுத்துல இருக்கும்மா. விட்டுட்டு எப்படி வர்றது? நாற்காலியோட என்னையும் மேல மாத்தச் சொல்லி எழுத்துல ஆர்டர் கொண்டுவா. ஓடிவந்து சொன்னா போதுமா?"

"எழுதி வாங்கி வர்றதுக்குள்ள வந்துடும் சார்."

"இங்க எதுவும் அவ்வளவு சீக்கிரம் வந்ததில்லை" என்று முதல் வரிசையில் உட்கார்ந்தார்.

ஓட்டுநர் அவரைத் தூக்கிப் பார்த்தார். பூட்டு சார் ஒரு நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். அந்த நாற்காலி அடுத்த நாற்காலியோடு கயிற்றால் கட்டப்பட்டிருந்தது. அது அதற்கடுத்ததோடு. இந்த இழுபறியிலேயே அரை மணி நேரத்துக்கு மேல் போய்விட்டது.

"நீ போய் ஆர்டரை வாங்கிட்டு வா தங்கச்சி. நான் கயித்தை அறுக்கறேன்" என்றார் ஓட்டுநர்.

"அரசாங்கக் கயிறு" என்றார் பூட்டு சார்.

நான் கூட்ட அறைக்குப் போனபோது இயக்குநர் உரையின் கடைசிப் பக்கத்தில் இருந்தார்.

"இத்துறை தொடங்கிய நாளிலிருந்து ஒரு மழையைக்கூடத் தவறாகப் பதிவு செய்ததில்லை. பெய்து முடித்து, தண்ணீரும் வடிந்த பிறகே நாம் பதிவு செய்கிறோம் என்பதே அதன் ரகசியம். இன்று முதல் நாம் வேகத்தில் நுழைகிறோம். இந்த வேகத்தை நாம் சிறிதும் அவசரப்படாமல் அடைந்திருக்கிறோம். இருபத்தாறு கூட்டங்கள். ஒரு கூட்டத்தில்கூட யாரும் மோடத்தைத் தொடவில்லை என்பதைப் பெருமையோடு சொல்வேன்."

கைதட்டல் ஒத்திகை நடந்தது. எழுத்தர் நாடாவை வெட்டுவதுபோல் விரல்களை அசைத்தார். கண்காணிப்பாளர் முன்னால் வந்து கண்ணை மூடி ஆரம்பித்தார்.

"ட்டூ... ட்டூ... கீ... கிர்ர்ர்..."

"சார்" என்றேன்.

"கிர்ர்ர்... கீஈஈ..."

"சார், ஆத்துல பூட்டு சார் இருக்காரு. தண்ணி வருது. அவரை மேல வரச் சொல்லி ஒரு ஆர்டர் வேணும்."

இந்த அளவு சத்தமாக நான் எங்கும் பேசியதில்லை. அறை முழுவதும் திரும்பிப் பார்த்தது. கண்காணிப்பாளர் சத்தத்தை நிறுத்தினார். ஒத்திகையில் அந்த இடத்தில் யாரும் பேசக் கூடாது. ஆனாலும் உத்தரவு என்றவுடன் அவருடைய கை பைக்குள் போனது. முப்பது வருடப் பழக்கம். படிவத்தை விரித்து எழுதத் தொடங்கினார். நாற்காலி, இருநூறு. பொறுப்பாளர், ஒருவர். எங்கிருந்து, எங்கே.

"காரணம்?"

"மலையில மழை சார். இருநூத்திப் பதினாலு மில்லிமீட்டர்."

"எப்பப் பெஞ்சுது?"

"இப்ப. இப்பவும் பெஞ்சுக்கிட்டு இருக்கு."

பேனா நின்றது. இயக்குநர் மேடையிலிருந்து இறங்கி வந்தார்.

"இப்போது பெய்யும் மழை இப்போதே எப்படித் தெரியும்? அதற்காகத்தானே நாளை மறுநாள் விழா?"

"அதான் சார் நானும் கேக்கறேன்" என்றார் கண்காணிப்பாளர். படிவத்தில் விரலை வைத்தார். "இங்க ஒரு கட்டம் இருக்கு பாரும்மா. தகவல் வந்த வழி. இது காலியா இருந்தா ஆர்டர் செல்லாது, பூட்டு நகர மாட்டான். அவனை எனக்குத் தெரியும். தபால்னு எழுத முடியாது, அதுக்கு மூணு நாளாகும். போன்னு எழுத முடியாது, போன் எழுத்தர் இதோ சிறப்பு விருந்தினரா நிக்கிறாரு. வேற வழியே இந்தத் துறைக்குக் கிடையாது. எந்த வழியா வந்துச்சு?"

சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று முப்பத்தைந்து. ஜன்னலுக்கு வெளியே ஓட்டுநர் கயிற்றை அறுத்துக்கொண்டிருந்தார். பூட்டு சார் அறுத்த துண்டுகளை எண்ணிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால், தூரத்தில் ஆறு வளையும் இடத்தில், பழுப்பாக ஒரு கோடு தெரிந்தது.

இன்னும் ஒரு நாள். லேமினேஷன் இயந்திரம் எவ்வளவு சூடாக இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன்.

"மோடம் வழியாத்தான் சார். நான் வேலைக்குச் சேர்ந்த அன்னிக்குப் பத்து முப்பத்தஞ்சுல இருந்து அது ஓடிக்கிட்டுதான் இருக்கு."